நாலாம் விசையில் விடுபட்ட பெயர்

தெலேசியாவின் லேப்டாப்பில் நான்கைத் தட்டினால் எங்கள் ஊர் வரும். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் இடது கையால் அமுக்கிக்கொண்டு வலது கையால் நான்கைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். லோத்தோவாய் ஊரின் மரியாதை வரிசை, எந்த விழாவிலும் பேசுகிறவர் முதலில் சொல்லியாக வேண்டிய குடும்பப் பட்டங்கள், மூத்த பட்டக்காரரிலிருந்து ஊரில் பிறந்த பெண்மக்கள் வரைக்கும் பதினேழு வரிகள், ஒரே மூச்சில் திரையில் வந்து உட்காரும். ஒன்றைத் தட்டினால் மேற்கே இருக்கும் ஊர், இரண்டைத் தட்டினால் மலையடி ஊர். ஒன்பது விசைக்கு ஒன்பது ஊர். சலெலொலொங்கா சந்தைக்குப் பின்னால், படகுத்துறைக்குப் போகிற வழியில், ஒற்றை ஜன்னல் வைத்த தகர அறையில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷமாக அவள் அடித்துக் கொடுத்த சாவு அறிவிப்பும் கல்யாண அழைப்பும் சவாயீத் தீவில் பாதி வீடுகளில் ஏதாவது ஒரு பைபிளுக்குள் மடிந்து கிடக்கும்.

வரிசையில் ஒரு பட்டம் விடுபட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். இங்கே அப்படிக் கேட்கிற ஆள் கிடையாது. பெயர் விட்டுப்போன வீட்டுக்காரர்கள் வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பேரன் காலம் வரைக்கும் மனதில் வைத்திருப்பார்கள். அதனால்தான் தெலேசியாவுக்கு அத்தனை கிராக்கி. அவள் அடித்த தாளில் தப்பு இருக்காது. அது அவளுக்கும் தெரியும், கொஞ்சம் அதிகமாகவே தெரியும். "ஒரு தடவை சரிபார்த்துடுங்களேன்" என்று யாராவது இழுத்தால், "நான் அடிச்சதைச் சரிபார்க்கணும்னா உங்க மாமியார்கிட்டயே போய் அடிச்சுக்கோங்க" என்பாள். அறுபத்தொரு வயது. புருஷன் ஆக்லாந்துக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான். பிள்ளை இல்லை. அவளுக்கென்று இருந்த பெருமை இந்த ஒன்றுதான்.

அப்படிப்பட்டவளின் தாளில், போன வருஷம் தேவாலய மண்டபத் திறப்பு விழாவில், ஒரு பட்டம் விடுபட்டது. அதுவும் லாவெதோ பட்டம். அந்தப் பட்டத்தைத் தாங்குகிறவன் அவள் கூடப் பிறந்த தம்பி பொவூனோ.

உள்ளூர்ப் பேச்சாளர் பேசியிருந்தால் தாளையே பார்த்திருக்க மாட்டார். வரிசை அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அன்றைக்குப் பேசியது தலைநகர் ஆப்பியாவிலிருந்து வந்த பாதிரியார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, தாளைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு பட்டமாக நீட்டி முழக்கி வாசித்தார். தன் முறை வருகிறது என்று தூணில் சாய்ந்திருந்த பொவூனோ முதுகை நிமிர்த்தினான். பாதிரியார் எட்டாவது பட்டத்திலிருந்து நேராகப் பத்தாவதுக்குப் போய்விட்டார். மண்டபத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் கேட்டுவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பொவூனோ நிமிர்த்திய முதுகை விழா முடியும்வரை சாய்க்கவே இல்லை.

திங்கட்கிழமை ஊர்க்கூட்டம் கூடியது. யாரோ வேண்டுமென்றே செய்த அவமானமா என்பது கேள்வி. பாதிப் பேர் லாவெதோ வீட்டுக்கு ஆகாத இன்னொரு வீட்டின் மேல் கண் வைத்தார்கள். வார்த்தை தடிக்கத் தொடங்கியபோது பொவூனோ சொன்னான்: "யாரும் செய்யல. என் அக்காவோட மெஷின் பழசு. ஒரு நம்பரைத் தட்டினா எல்லாப் பேரும் வர்ற மாதிரி வச்சிருக்காங்க, அது கெட்டுப்போச்சு. என் பட்டத்து மேல சொல்றேன்." பட்டத்தின் மேல் சொன்ன பிறகு கேள்வி ஏது? கூட்டம் கலைந்தது.

மெஷின் கெட்டுப்போச்சு என்று அவனிடம் சொன்னது தெலேசியா. விழா நடந்த அன்று சாயங்காலமே ஓடிப்போய்ச் சொன்னாள். சொல்லும்போதே அது பொய் என்று அவளுக்குத் தெரியும். நான்காம் விசைக்கு ஒரு கேடும் இல்லை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் தம்பிக்குப் பட்டம் கட்டிய நாளில், விருந்து முடிந்து வீடு திரும்பியவள், புகை நாறும் துணியைக்கூட மாற்றாமல் லேப்டாப்பைத் திறந்து ஒன்பதாவது வரியை அழித்துச் சேமித்துவிட்டாள்.

அந்த விருந்துக்காக அவள் மூன்று நாள் காலில் நின்றிருந்தாள். அழைப்பு அடித்தது அவள், யார் எந்தத் தூணில் சாய்ந்து உட்கார வேண்டும் என்று பட்டியல் போட்டது அவள், பன்றி வேகவில்லை என்று சண்டை போட்டது அவள். தம்பி எழுந்து நன்றி சொன்னான். விறகு வெட்டியவன் பெயர், கிழங்கு உரித்தவள் பெயர், துறையிலிருந்து ஆட்களை ஏற்றிவந்த பஸ் டிரைவர் பெயர். தெலேசியா என்ற பெயர் மட்டும் அவன் வாயில் வரவில்லை. அவள் கடைசிவரை காத்திருந்து பார்த்தாள்.

அழித்தாளே ஒழிய, தம்பியை ஊர் முன்னால் தலைகுனிய வைக்கும் எண்ணம் அவளுக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. எங்கள் ஊர் வேலை வரும்போதெல்லாம் நான்கைத் தட்டுவாள். எட்டாம் வரிக்குக் கீழே வந்து நிற்பாள். லாவெதோ வரியைக் கையால், எழுத்து எழுத்தாக அடிப்பாள். மற்றவன் எல்லாம் தானாக வரட்டும், நீ மட்டும் நான் மனது வைத்தால்தான் வரலாம் என்பது அவள் கணக்கு. பதினொரு வருஷம் அப்படியே ஓடிற்று. மண்டபத் திறப்பு விழாவுக்கு அடித்த அன்று கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. தாள் வாங்க வந்த தேவாலய டீக்கன் கடைசி பஸ் போய்விடும் என்று வாசலில் நின்று குதித்தார். நான்கைத் தட்டினாள், அச்சுக்கு விட்டாள், முந்நூறு தாளையும் கட்டிக் கொடுத்துவிட்டாள்.

அதோடு போயிருக்கும். ஆனால் பொவூனோ நல்லவன். நல்லவர்களிடம் பொய் சொன்னால் இதுதான் தொல்லை, உதவிக்கு வந்து நிற்பார்கள். அவன் ஆப்பியாவிலிருக்கும் மகள் லோசாவைக் கூப்பிட்டு, அத்தையின் லேப்டாப்பைப் பார்த்துச் சரிசெய்துவிட்டு வா என்று சொல்லிவிட்டான்.

லோசாவுக்கு முப்பத்தாறு வயது. ஆப்பியாவில் ஓர் அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களையெல்லாம் மேய்க்கிறவள். குரல் பெரிது, சிரிப்பு அதைவிடப் பெரிது. சனிக்கிழமை முதல் படகில் வந்து இறங்கி, தோளில் ஒரு விசைப்பலகையும் பையில் திருப்புளிகளுமாகத் தகர அறைக்குள் நுழைந்தாள்.

"அத்தை, இது லேப்டாப்பா, மியூசியத்துல இருந்து தூக்கிட்டு வந்ததா?"

"வாயைக் கழுவு. உன் செட்டுப் பொண்ணுங்க ஆறு பேர் கல்யாணத்தை இதுலதான் அடிச்சேன். உன்னுதுக்குத்தான் உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு."

"பேட்டரி செத்து எத்தன வருஷம் ஆச்சு?"

"உங்க மாமா ஓடிப்போனது எந்த வருஷமோ, அந்த வருஷம்."

லோசா சிரித்துக்கொண்டே லேப்டாப்பைக் கவிழ்த்துத் தட்டினாள். பிஸ்கட் தூளும் எறும்புச் சவமும் ஒரு பல்லி முட்டை ஓடும் விழுந்தன. நான்காம் விசையின் மூடியை நெம்பி எடுத்து, பஞ்சால் துடைத்து, திரும்ப மாட்டித் தட்டிப் பார்த்தாள். பதினாறு வரி வந்தது. தான் கொண்டுவந்த விசைப்பலகையைச் செருகித் தட்டினாள். அதே பதினாறு. ஒரு தடவை தட்டிய விசை அமுங்கியபடியே நிற்கிற வசதி ஏதாவது தெரியாமல் போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து அணைத்தாள். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் வேறு ஏதாவது புரோகிராம் இடையில் பறிக்கிறதா என்று தேடி, யாரும் தொடாத ஒரு பழைய புரோகிராமைத் தூக்கி எறிந்தாள். அணைத்துப் போட்டாள். அது விழித்துவர எட்டு நிமிஷம் ஆயிற்று. பதினாறு.

தெலேசியா நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடுடி. பழசு. கிறிஸ்மஸுக்குப் புதுசு ஒண்ணு பார்த்துக்கலாம். உனக்குப் படகுக்கு நேரமாகல?"

"சாயங்காலப் படகுக்குப் போறேன். அப்பா சொல்லித்தான் அனுப்பினாரு. அக்காவுக்கு இருக்கறது அந்தப் பேரு ஒண்ணுதான், அது கெட்டுடக் கூடாது, சரி பண்ணாம வராதேன்னு."

தெலேசியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே சந்தையில் யாரோ தேங்காய்க்குப் பேரம் பேசினார்கள்.

"ஒண்ணு இருக்கு அத்தை. இந்த மாதிரிப் பழைய புரோகிராம்ல, ஒரு விசைக்கு இத்தன எழுத்துதான்னு அளவு இருக்கும். அதுக்கு மேல போனா வெட்டிடும்."

"அதுதான்!" என்றாள் தெலேசியா. "அதாத்தான் இருக்கும். வரிசை நீளமாச்சே."

லோசா திரையில் விரலை வைத்து வரிகளை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். "அளவு மீறி வெட்டினா வால்லதான் வெட்டணும். கடைசில இருக்கற பெண்மக்கள் வரி போயிருக்கணும். அது இருக்கு. இது நடுவுல போயிருக்கு." சிரிப்பு அவள் குரலிலிருந்து கழன்றுவிட்டிருந்தது. "நடுவுல இருந்து ஒருத்தரை மட்டும் பார்த்து எடுக்க மெஷினுக்குத் தெரியாது, அத்தை."

ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சின்ன ஃபைல் இருந்தது. லோசா நான்காவதைத் தேடி எடுத்தாள். கடைசியாக மாற்றிய தேதி பக்கத்திலேயே எழுதியிருந்தது.

"இந்தத் தேதி எங்க வீட்டுச் சுவர்ல இருக்கு. அப்பா பட்டம் கட்டின போட்டோவுக்குக் கீழ."

தெலேசியா மறுக்கவில்லை. மறுத்திருந்தால் லோசா நம்பியதுபோல் நடித்திருப்பாள். அந்தளவுக்கு நல்ல பெண்தான். ஆனால் தெலேசியாவுக்கு அலுத்துவிட்டது.

"எல்லார் பேரையும் சொன்னான், லோசா. பஸ் ஓட்டினவன் பேரைக்கூடச் சொன்னான். என் பேரைச் சொல்லல."

லோசா அவளையே பார்த்தாள். "வேலை செஞ்சவங்க பேரைச் சொன்னாரு. நீங்க வேலைக்கு வந்தவங்களா? அவரோட அக்கா. விறகு வெட்டினவனோட சேர்த்து அக்காவுக்கு நன்றி சொன்னா, அக்காவை இறக்கி வச்சதா ஆகாதா? மறுநாள் விடிஞ்சதும், மரியாதைக்குன்னு குடுக்கற அந்தப் பெரிய பாயைத் தானே தோள்ல சுமந்துக்கிட்டு உங்க வாசலுக்கு வந்தாரே. வேற யார் கையிலயும் குடுத்துவிடலயே."

"மிச்சம் விழுந்ததைக் கொண்டாந்தான்னு நெனச்சேன்."

"மிச்சமா! அன்னிக்கு வந்ததுலயே பெரிய பாய் அது. பெரிய பட்டக்காரர் வீட்டுக்குக்கூடக் குடுக்காம உங்களுக்குன்னு எடுத்து வச்சிருந்தாரு."

இது தெலேசியா அறியாத வழக்கமா? இருபத்திரண்டு வருஷமாக இதே மேஜையில் உட்கார்ந்து மற்ற வீட்டு நன்றியுரைகளை அடித்தவள். பட்டியலில் யாராவது அக்கா தங்கை பெயரைச் சேர்த்துக்கொண்டு வந்தால், "இதை எடுங்க, அவங்களைச் சமையக்காரி ஆக்காதீங்க" என்று கறாராகச் சொல்லித் திருப்பி அனுப்பியவள். ஊருக்கெல்லாம் தெரிந்தது, தன் வீட்டு விருந்தில் மட்டும் கண்ணை மறைத்துவிட்டது. சொல்லி என்ன, தன் பெயரைக் காதால் கேட்க வேண்டும் என்ற ஆசைதான். ஆசைப்பட்டதில் தப்பில்லை. அதற்காகச் செய்ததுதான் கேவலம், அது அவளுக்கு அந்த நாற்காலியில் வைத்துப் புரிந்தது.

லோசா ஒன்பதாவது வரியை எழுதிச் சேமித்தாள். நான்கைத் தட்டினாள். பதினேழு.

"விசைக்குள்ள தூசின்னு அப்பாகிட்ட சொல்லிடறேன்."

"வேணாம். நான் சொல்லிக்கறேன்."

"என்னன்னு?"

"உள்ளதை."

"அத்தை, யோசிங்க. அவரு பட்டத்து மேல சொல்லிட்டாரு. உண்மை தெரிஞ்சா சும்மா இருக்கற ஆளா அவரு? நேரா கூட்டத்துல போய் நிப்பாரு. உங்க மனசு லேசாகும். அவரு தலைதான் குனியும்."

தெலேசியா அதைக் கேட்டாள். அது சரி என்றும் அவளுக்குத் தெரிந்தது. பிறகும் போனாள். அவள் செய்ததில் எது பெரிய தப்பு, வரியை அழித்ததா அல்லது அதை அவனிடம் போய்ச் சொன்னதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

ஞாயிறு பிற்பகல், கோயில் முடிந்து சாப்பாடும் முடிந்து ஊரே பாய் விரித்துப் படுத்திருந்த நேரம். பொவூனோ வீட்டில் உட்கார்ந்து தேங்காய் நாரைத் தொடையில் வைத்துக் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். அக்காவைக் கண்டதும் எழுந்து நல்ல பாயை எடுத்து விரித்தான். கோகோ கொண்டுவரச் சொன்னான். அவள் உட்கார்ந்ததும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். மெஷினில் கோளாறு இல்லை, நான்தான் அழித்தேன், இன்ன நாளில், இன்ன கோபத்தில்.

அவன் கயிறு திரிப்பதை நிறுத்தவில்லை. கயிற்றிலிருந்து கண் எடுக்காமலே கேட்டான்.

"பதினொரு வருஷமா அந்த வரி அதுல இல்லையா?"

"இல்ல."

"ஆனா எல்லாத் தாள்லயும் என் பேரு இருந்துச்சே. அம்மா சாவுக்கு இருந்துச்சு. ஸ்கூல் விழாவுக்கு இருந்துச்சு."

"நான் கையால அடிச்சேன்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும். இந்த ஒரு தடவைதான் மறந்துட்டேன்."

"கோவத்தோடயா அடிச்சீங்க?"

"கோவத்தோடதான்."

அவன் தலையை ஆட்டினான். கோகோ வந்தது. கோப்பையை இரண்டு கையாலும் எடுத்து அவள் முன்னால் வைத்தான். "ஆறிடப் போகுது, அக்கா. குடிங்க."

"என்னைத் திட்டு, தம்பி."

"அக்காவைத் திட்டற வாய் நம்மள்ல யாருக்கு இருக்கு?" என்றான். குரலில் கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. எங்கள் பக்கத்தில் உடன்பிறந்தவளிடம் குரல் உயர்த்துகிறவனை மனிதனாக மதிக்க மாட்டார்கள். பொவூனோ அந்த விஷயத்தில் ஒரு நூல் பிசகாதவன். அவள் கெஞ்சினாள், கூட்டத்தில் ஒன்றும் சொல்ல வேண்டாம், நாள் கடந்துவிட்டது, எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்றாள். அவன் கேட்டுக்கொண்டான். திரித்த கயிற்றைச் சுருட்டி வைத்தான்.

மறுநாள் கூட்டம். கூட்ட வீட்டுக்குப் பக்கவாட்டில் சமையல் குடிசை, அதை ஒட்டி ஒரு ஈரப்பலா மரம். தெலேசியா கடையைத் திறக்காமல் அந்த மரத்தடியில் வந்து உட்கார்ந்தாள். சுவரில்லாத வீடு, பேசுவது அத்தனையும் கேட்டது. கூட்டத்துக்கு முன்னால் குடிக்கிற ஆவா வேர்ப் பானத்தைக் கலக்கிக் குடித்து முடித்த பிறகு பொவூனோவின் குரல் வந்தது.

"போன கூட்டத்துல மெஷின் தப்புன்னு என் பட்டத்து மேல சொன்னேன். மெஷின் தப்பு இல்ல. நான் சொன்னது பொய்யாப் போச்சு. அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கறேன்."

உள்ளே சலசலப்பு. பெரிய பட்டக்காரர் கேட்டார்: "அப்போ செஞ்சது யாரு?"

"என் வீடு."

"வீடுன்னா யாரு, லாவெதோ? உன்னை நீயே அவமானம் பண்ணிக்கிட்டியா?" யாரோ சிரித்தார்கள்.

"என் வீடு," என்றான் மறுபடி.

போன தடவை சந்தேகப்பட்ட வீட்டுக்காரர்கள் இப்போது வாயைத் திறந்தார்கள். எங்கள் மேல் கண் வைத்தீர்களே, பட்டத்தின் மேல் பொய் சொன்னவனுக்கு இங்கே என்ன பேச்சு என்றார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஊரில் பிறந்த பெண்மக்களுக்கு அந்த வீட்டுக்குள் போய்ப் பேச உரிமை உண்டு. மனைவிமாருக்கு இல்லை, பெண்மக்களுக்கு உண்டு. தெலேசியா உள்ளே போய், பாயில் உட்கார்ந்து, நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தம்பி ஏமாந்தவன் ஆவான், பொய்யன் ஆக மாட்டான். அவள் எழுந்திருக்கத் தரையில் கையை ஊன்றினாள். அப்போது அவளுக்குத் தோன்றியது வேறு ஒன்றும் இல்லை; நாளையிலிருந்து யார் என் தாளை நம்புவார்கள் என்றுதான் தோன்றியது. ஊன்றிய கை ஊன்றியபடியே இருந்தது.

பெரிய பட்டக்காரர் தீர்ப்புச் சொன்னார். லாவெதோ குடும்பம் ஒரு தாய்ப்பன்றியும் கிழங்கும் ஊருக்குக் கொண்டுவர வேண்டும். கிறிஸ்மஸ் வரை லாவெதோ கூட்டத்துக்கு வரலாம், உட்காரலாம், பேசக் கூடாது. பொவூனோ நன்றி சொல்லித் தலை வணங்கினான்.

கூட்டம் கலைந்து எல்லோரும் போனார்கள். சிலர் அவளைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் நடந்தார்கள். கடைசியாகப் பொவூனோ வந்தான். மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது, ஒன்றிரண்டு தூறல் இலையில் விழ ஆரம்பித்திருந்தது. அவள் அங்கே எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறாள், என்னென்ன கேட்டிருப்பாள், எழுந்து வந்திருக்கலாமே, ஒன்றையும் அவன் கேட்கவில்லை.

"மழை வருது, அக்கா. நனையாதீங்க, வீட்டுக்குப் போங்க."

சொல்லிவிட்டுப் பன்றியைப் பிடிக்க ஆள் தேடிப் போனான். இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. கிறிஸ்மஸும் போய்விட்டது, அவன் பழையபடி கூட்டத்தில் பேசுகிறான், வழியில் பார்த்தால் சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிறான். இன்றுவரை அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரே ஒரு வார்த்தை திட்டியிருந்தால், நான் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அவளும் எழுந்திருப்பாள்.